கொழுப்பு பேசும்: ஒரு மூட்டை, உறுப்பான கதை

கொஞ்சம் நீளமான இழை. பஸ்ல போறவங்க சேமிச்சு வச்சுட்டு ராத்திரி படிங்க.

நான் ஹவுஸ் சர்ஜனா இருந்தப்ப நடந்தது. சுகர் ஓபியில் ஓர் அம்மா. ஐம்பது வயசு இருக்கும். ஒரு நாளைக்கு 60 யூனிட்டுக்கு மேல இன்சுலின் போட்டும் வெறும் வயிற்றுச் சர்க்கரை 250க்குக் கீழே இறங்கவே இல்லை. வரிசையில் பின்னாடி நாற்பது பேர். நோட்டிலிருந்து நிமிராமலே, "என்னம்மா, வீட்ல ஒளிச்சு வச்சு ஸ்வீட் சாப்பிடறீங்களா? வாயைக் கட்டாம ஊசியை மட்டும் ஏத்திக்கிட்டே போனா எப்படி?"ன்னு கேட்டேன். கொஞ்சம் சத்தமாத்தான் கேட்டேன். பின்னாடி நின்ன ரெண்டு பேர் சிரிச்சாங்க.

அந்த அம்மா பதில் சொல்லலை. முந்தானையை இழுத்துக் கழுத்தை மூடிக்கிட்டாங்க. அப்பதான் பார்த்தேன். கழுத்தைச் சுற்றி வெல்வெட் துணி மாதிரி தடிச்ச கறுப்புத் தோல். "அழுக்குன்னு சொல்றாங்க சார், பீர்க்கங்காய் நார் போட்டுத் தேய்ச்சும் போகலை" என்றார்.

அது அழுக்கு இல்லை. உடம்பு இன்சுலினுக்கு மசியாம இருக்கு, அதனால ரத்தத்தில் இன்சுலின் அளவுக்கு மீறி ஓடுதுன்னு தோல் எழுதிக் காட்டுற குறிப்பு. பாடப் புத்தகத்தில் படிச்சு, பரீட்சையில் எழுதி, மார்க்கும் வாங்கியிருக்கேன். நேர்ல வந்து நின்னப்ப தெரியலை.

நம்ம மொழியே அந்த அம்மாவுக்கு எதிரா இருக்கு பாருங்க. ஒருத்தர் திமிரா நடந்தா "கொழுப்பு ஜாஸ்தி"ங்கிறோம். "கொழுப்பெடுத்து அலையறான்"ங்கிறோம். கொழுப்புன்னாலே குணக்கேடு. நல்லாத் தின்னு, வேலை செய்யாம, உடம்புல சேர்த்து வச்ச மூட்டை. மருத்துவமும் ரொம்ப காலம் ஏறக்குறைய இதையேதான் நம்பிச்சு. கொழுப்புத் திசுன்னா எரிபொருள் கிடங்கு, குளிருக்குப் போர்வை, அடிபட்டா மெத்தை. அவ்வளவுதான். அது வாய் திறந்து பேசும், மூளையோடும் கல்லீரலோடும் தசையோடும் ஹார்மோன் மொழியில் பேசும் என்பது நமக்குத் தெரியவந்து முப்பது வருஷம்தான் ஆகுது.

அந்தக் கதையைத்தான் சொல்லப் போறேன்.

1922 ஜனவரி. கனடாவின் டொரண்டோ நகரில் 14 வயதுப் பையன் ஒருவனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஊசி போடப்பட்டது. அதுவரை பட்டினி போட்டு நாளை நீட்டுவதைத் தவிர வைத்தியம் இல்லாத நோய் அது. பேன்டிங், பெஸ்ட், மெக்லியட், காலிப் நால்வரின் வேலை. உலகமே கொண்டாடியது. இயல்பா எல்லாரும் ஒரு முடிவுக்கு வந்தாங்க: சர்க்கரை நோய்னா இன்சுலின் குறைச்சல். ஊத்தினா சரியாயிடும்.

சரியாகலை. எல்லாருக்கும் சரியாகலை.

1936ல் லண்டனில் ஹரால்டு ஹிம்ஸ்வொர்த் என்ற இளம் மருத்துவர் ஓர் எளிய சோதனை செய்தார். நோயாளிக்குக் குளுக்கோஸ் குடிக்கக் கொடுத்து, அதே நேரத்தில் இன்சுலின் ஊசியும் போட்டார். சிலருக்குச் சர்க்கரை ஏறவே இல்லை, இன்சுலின் உடனே வேலை செய்தது. வேறு சிலருக்கு, ஊசியே போடாத மாதிரி சர்க்கரை பாட்டுக்கு ஏறியது. இந்த இரண்டாவது வகையினர் பெரும்பாலும் வயதானவர்கள், உடல் பருத்தவர்கள். ஹிம்ஸ்வொர்த் 'லான்செட்' இதழில் எழுதினார்: சர்க்கரை நோய் இரண்டு வகை. ஒன்றில் இன்சுலின் இல்லை. மற்றொன்றில் இன்சுலினுக்கு உடம்பு இணங்கவில்லை.

கவனிங்க, அப்ப ரத்தத்தில் இன்சுலினை அளக்கவே வழி கிடையாது. அளக்காமலே கண்டுபிடிச்சார். அதனாலயே பலர் காதில் போட்டுக்கலை.

அளக்க வழி பிறக்க இன்னும் இருபத்துச் சொச்சம் வருஷம் ஆச்சு. நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில், முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனை ஒன்றில் ரோசலின் யாலோ என்ற இயற்பியலாளரும் சாலமன் பெர்சன் என்ற மருத்துவரும் கதிரியக்க அயோடினை வைத்து இன்சுலினை அளக்கும் முறையை உருவாக்கினார்கள். இந்த வேலையின் தொடக்கக் கட்டுரையை ஒரு பெரிய ஆய்விதழ் திருப்பி அனுப்பிடுச்சு. யாலோ அந்த மறுப்புக் கடிதத்தைப் பத்திரமா வச்சிருந்து, 1977ல் நோபல் வாங்கினப்ப தன் உரையிலேயே எடுத்துக் காட்டினார்! (பெர்சன் 1972லேயே இறந்துட்டார். நோபல் இறந்தவங்களுக்குக் கிடையாது.)

1960ல் இவங்க அளந்து காட்டியதுதான் முக்கியம். நடுவயசில் சர்க்கரை நோய் வந்தவங்க பலருக்குக் குளுக்கோஸ் கொடுத்தபின் இன்சுலின் குறையலை. சாதாரண ஆட்களைவிட அதிகமா இருந்தது. ஹிம்ஸ்வொர்த் சொன்னது உண்மை.

இன்சுலின் ரெசிஸ்டன்ஸ்ன்னா என்னன்னு ஓபியில் நான் இப்படிச் சொல்றது வழக்கம். இன்சுலின் வீட்டு வாசல்ல நின்னு காலிங் பெல் அடிக்குது. உள்ளே இருக்கிறவங்க எழுந்து வந்து கதவைத் திறந்தா, வெளியே நிக்கிற சர்க்கரை உள்ளே வரும். ரெசிஸ்டன்ஸில் பெல் நல்லாத்தான் அடிக்குது, உள்ளே காது மந்தம். கணையம் என்ன செய்யும்? இன்னும் பலமா, இன்னும் நிறைய பேரை அனுப்பி அடிக்கும். வருஷக்கணக்கில் அடிச்சு ஓய்ஞ்சு போற அன்னைக்குத்தான் ரிப்போர்ட்ல சர்க்கரை ஏறும்.

சரி, காதை மந்தமாக்கினது யாரு? அதுதான் அடுத்த நாற்பது வருஷக் கேள்வி.

துப்பு ஒன்று ஏற்கெனவே பிரான்சில் கிடந்தது. 1947ல் மார்செய் நகர மருத்துவர் ஜான் வேக், பருமனில் இரண்டு தினுசு உண்டு என்று எழுதினார். மேலுடம்பிலும் வயிற்றிலும் சேர்வது ஒன்று, இடுப்புக்குக் கீழே தொடையில் சேர்வது மற்றொன்று. சர்க்கரை, மாரடைப்பு, கவுட் எல்லாம் முதல் தினுசைத்தான் தேடி வருகின்றன என்றார். கொழுப்பு எவ்வளவு என்பதைவிட எங்கே என்பது முக்கியம். இதைச் சொன்ன மனிதரை உலகம் முப்பது வருஷத்துக்கு மேல் கண்டுக்கவே இல்லை. 1980களில் ஸ்வீடனின் யேட்டபோரி நகரத்து ஆய்வாளர்கள் இடுப்புச் சுற்றளவை அளந்து, ஆண்களையும் பெண்களையும் பல வருஷம் பின்தொடர்ந்து பார்த்த பிறகுதான் வேக் சொன்னது மறுபடி மேலே வந்தது.

இன்னொரு துப்பு இதைவிட விசித்திரம். 1946ல் லண்டனில் ஆர்.டி. லாரன்ஸ் என்ற மருத்துவர் (அவரே சர்க்கரை நோயாளி, இன்சுலினால் உயிர் பிழைத்தவர்) ஒரு பெண்ணைப் பற்றி எழுதினார். உடம்பில் கொழுப்புத் திசுவே கரைந்து போனவர். எலும்பும் தசையும் தோலும்தான். நம்ம கணக்குப்படி அவருக்குச் சர்க்கரை வரவே கூடாது. ஆனா இன்சுலினுக்கு அடங்காத கடுமையான சர்க்கரை, வீங்கிய கல்லீரல், பால் மாதிரி கொழுப்பு மிதக்கும் ரத்தம்.

கொழுப்பு அதிகமானாலும் ரெசிஸ்டன்ஸ். கொழுப்பே இல்லேன்னாலும் ரெசிஸ்டன்ஸ். கிடங்கு, மூட்டைன்னு நினைச்சா இதுக்கு விளக்கமே கிடையாது. இந்தப் பெண்ணை மனசுல வச்சுக்கோங்க. திரும்பி வருவோம்.

இப்ப அமெரிக்காவின் வடகிழக்கு மூலை. மெய்ன் மாநிலம், பார் ஹார்பர் என்ற கடலோர ஊர். அங்கே ஜாக்சன் ஆய்வகத்தில் சுண்டெலி வளர்க்கிறதுதான் தொழில். 1949ல் ஒரு குட்டி பந்து மாதிரி உருண்டுபோய், தின்பதை நிறுத்தாமல் தின்றது. அந்த மரபணுக் கோளாறுக்கு 'ஓபி' என்று பெயர் வைத்தார்கள். 1960களில் அதே ஆய்வகத்தில் இன்னொரு வகை கிடைத்தது. அதுவும் குண்டு, அதுவும் ஓயாப் பசி, கூடவே கடும் சர்க்கரை. அதற்கு 'டிபி', டயாபடிஸ் என்பதன் சுருக்கம்.

டக்ளஸ் கோல்மன் அங்கே வேலை பார்த்த கனடாக்காரர். இரண்டு சுண்டெலிகளின் விலாப்பக்கத்தைச் சேர்த்துத் தைத்து, ஒன்றின் ரத்தம் மற்றதில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்கும்படி செய்தார். ஒட்டிப் பிறந்த இரட்டையர் மாதிரி. கேட்கவே ஒரு மாதிரி இருக்கும், ஆனா பதில் அதில்தான் இருந்தது.

டிபி எலியைச் சாதாரண எலியோடு ஒட்டினார். சாதாரண எலி சாப்பாட்டை நிறுத்திப் பட்டினியில் செத்தது. பக்கத்தில் தட்டு நிறைய தீனி இருக்கு, தொடலை! டிபி எலியோ வழக்கம்போல் கொழுத்துக்கொண்டே இருந்தது.

டிபி எலியை ஓபி எலியோடு ஒட்டினார். ஓபி எலியும் பட்டினியில் செத்தது.

ஓபி எலியைச் சாதாரண எலியோடு ஒட்டினார். ஓபி எலி அளவோடு தின்ன ஆரம்பித்தது. எடை ஏறுவது மட்டுப்பட்டது.

நீங்களே யோசிச்சுப் பாருங்க. "போதும், சாப்பிட்டது போதும்" என்று சொல்லும் ஏதோ ஒன்று ரத்தத்தில் ஓடுது. ஓபி எலிக்கு அதைக் கேட்கத் தெரியும், செய்யத் தெரியாது. டிபி எலி அதை மிதமிஞ்சிச் செய்யுது, கேட்கிற காது இல்லை. 1973ல் கோல்மன் இதை எழுதி முடித்தார். ஏற்க ஆள் குறைவு. பருமன் என்பது நடத்தைக் கோளாறு, நாக்கைக் கட்டாத குற்றம், அதுக்கு ஹார்மோன் எதுக்கு என்ற எண்ணம்தான் அன்றைக்கு வலுவா இருந்தது. நான் ஓபியில் கேட்ட கேள்விதான் அது, வேற மொழியில.

கோல்மன் அந்தப் பொருளைக் கடைசிவரை பிடிக்க முடியாமல் ஓய்வு பெற்று, மெய்ன் காட்டில் மரம் பராமரிக்கப் போய்விட்டார். பிடித்தவர் நியூயார்க் ராக்பெல்லர் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஃப்ரீட்மன். 1986ல் தேட ஆரம்பித்து எட்டு வருஷம். 1994 டிசம்பர் 1 'நேச்சர்' இதழில் ஓபி மரபணு வெளியானது. அந்த ஹார்மோனைச் செய்யும் இடம் மூளையும் இல்லை, குடலும் இல்லை. கொழுப்புச் செல்! ஒல்லி என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து 'லெப்டின்' என்று பெயரிட்டார்கள்.

மூட்டை வாய் திறந்து பேசிய நாள் அது.

லெப்டினை ஓபி எலிக்குப் போட்டால் எடை குறைந்தது. அதைவிட எனக்கு முக்கியமாப் படுறது வேற: எடை பெரிசா இறங்காத சின்ன டோஸிலேயே சர்க்கரையும் இன்சுலினும் இறங்கின. இன்சுலின் ரெசிஸ்டன்ஸோடு லெப்டினுக்கு நேரடித் தொடர்பு இருக்குன்னு அர்த்தம்.

ஆம்ஜென் என்ற மருந்து நிறுவனம் 2 கோடி டாலர் முன்பணம் கொடுத்து உரிமம் வாங்கியது. குண்டு உடம்புக்கு மருந்து வந்தாச்சுன்னு பத்திரிகையெல்லாம் எழுதின. பருமனானவங்க ரத்தத்தில் லெப்டினை அளந்தாங்க. குறைவா இருக்கும்னு எதிர்பார்த்தா, அதிகமா இருந்தது! கொழுப்பு கூடக் கூட லெப்டினும் கூடுது. கேட்கிற காதுதான் மந்தம். 1999ல் வெளியான ஆய்வில் ஊசி போட்டவங்களில் சிலருக்கு எடை குறைஞ்சது, பலருக்குச் சொல்லிக்கிற மாதிரி இல்லை. கனவு கலைஞ்சது.

ஆனா ரெண்டு குழந்தைகள். 1997ல் இங்கிலாந்தில், பாகிஸ்தான் வம்சாவளிக் குடும்பம் ஒன்றில் உறவுமுறைப் பிள்ளைகள். எட்டு வயதுப் பெண்ணுக்கு 86 கிலோ. இரண்டு வயதுப் பையனுக்கு 29 கிலோ. ஸ்டீபன் ஓராஹிலி, சடஃப் ஃபரூக்கி குழுவினர் பரிசோதித்தபோது இருவர் ரத்தத்திலும் லெப்டின் இல்லை என்றே சொல்லும் அளவு. ஓபி எலியின் கோளாறு மனிதக் குழந்தைகளில். அந்தப் பெண்ணுக்கு லெப்டின் ஊசி ஆரம்பித்த முதல் வருஷத்தில் 16 கிலோ குறைந்தது. தட்டைப் பிடுங்காம, அடிக்காம, திட்டாம.

அந்த ஊசிக்கு முன்னாடி அந்தக் குழந்தை என் ஓபிக்கு வந்திருந்தா அவங்கம்மாவை நான் என்ன கேட்டிருப்பேன்? நினைச்சா கூசுது.

இனி லெப்டினுக்குச் சற்று முன்னால் போகணும், ஏன்னா இன்னொரு கதவு இன்னொரு பக்கம் திறந்துக்கிட்டிருந்தது. 1993 ஜனவரி. ஹார்வர்டில் புரூஸ் ஸ்பீகல்மன் ஆய்வகத்தில் துருக்கியிலிருந்து வந்த இளம் மருத்துவர் கோகன் ஹோத்தமிஸ்லிகில். டிஎன்எஃப் ஆல்பா என்ற பொருளைக் கொழுப்புத் திசுவில் தேடினார். இது அழற்சியை உண்டாக்கும் பொருள். புற்றுநோயிலும் நாள்பட்ட தொற்றிலும் உடம்பு இளைச்சு உருக்குலைய இதுவே காரணம்னு அன்றைக்கு நம்பினாங்க. அப்படின்னா குண்டு எலியில் இது குறைவா இருக்கணும் இல்லையா? நேர் எதிரா, குண்டு எலிகளின் கொழுப்பில் ஏராளமா இருந்தது. அதை முடக்கினப்ப எலியின் உடம்பு இன்சுலினுக்கு மறுபடி செவிசாய்த்தது.

எப்படிக் காதை அடைக்குதுன்னா, இன்சுலின் பெல் அடிச்சதும் செல்லுக்குள்ள ஒருத்தர் இன்னொருத்தர்கிட்ட சேதி சொல்ற மாதிரி ஒரு சங்கிலி ஓடும். அந்தச் சங்கிலியின் முதல் ஆளிடம் பாஸ்பேட் ஒட்டவேண்டிய இடம் ஒன்று உண்டு. டிஎன்எஃப் இருந்தா பாஸ்பேட் வேறிடத்தில் ஒட்டுது. சேதி அங்கேயே நின்னுடுது. பெல் அடிச்சது உள் ரூமுக்குத் தெரியவே தெரியாது.

கொழுப்பில் ஏன் அழற்சிப் பொருள்? 2003 டிசம்பரில் இரண்டு அமெரிக்கக் குழுக்கள் ஒரே நேரத்தில் பதில் சொன்னாங்க. கொழுப்புத் திசுவுக்குள்ளே மேக்ரோஃபேஜ் என்ற தின்னும் வெள்ளணுக்கள் குடியேறியிருந்தன. ஒல்லியானவர்களில் அவை 10 சதவீதத்துக்கும் குறைவு. பருமனானவர்களின் கொழுப்பில் கிட்டத்தட்ட 40 சதவீதம். அளவுக்கு மீறி ஊதி, ஆக்சிஜன் பத்தாமல் சாகும் கொழுப்புச் செல்லைச் சுத்தி இவை கும்பலா உட்கார்ந்திருக்கும். மைக்ராஸ்கோப்பில் பார்த்தா கிரீடம் வச்ச மாதிரி. சாவு வீட்டுச் சத்தம் அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கேட்கிற மாதிரி, அங்கே சுரக்கும் அழற்சிப் பொருள்கள் சுற்றுவட்டாரத்தையே பாதிக்குது.

(டிஎன்எஃபைத் தடுக்கும் மருந்து மூட்டுவாதத்துக்கு அருமையா வேலை செய்யுது. ஆனா சர்க்கரை நோயாளிகளுக்கு ஒரு டோஸ் போட்டுப் பார்த்த ஆய்வில் பலன் கிடைக்கலை. எலிக்குப் பொருந்தினது மனுஷனுக்கு அப்படியே பொருந்தாது. 2001ல் பெரிசாப் பேசப்பட்ட 'ரெசிஸ்டின்' கதையும் இதேதான். எலியில் கொழுப்புச் செல் சுரக்குது, நம்மில் பெரும்பாலும் வெள்ளணுக்கள் சுரக்குது. அதை இத்தோட விட்டுடலாம்.)

எனக்குப் பிடிச்ச ஹார்மோன் அடுத்தது. அடிபோனெக்டின்.

1995, 96ல் இதை அமெரிக்காவிலும் ஜப்பானிலும் நான்கு குழுக்கள் தனித்தனியாகக் கண்டுபிடித்து நான்கு பெயர் வைத்தன. ஒசாகாவில் மட்சுசாவா குழுவினர் மனிதக் கொழுப்புத் திசுவில் எந்தெந்த மரபணு வேலை செய்யுதுன்னு கணக்கெடுத்தபோது, மிக அதிகமா ஓடிக்கொண்டிருந்தது முன்பின் அறியாத ஒன்று. கொழுப்புச் செல்லின் முதன்மைத் தயாரிப்பே அதுதான். லெப்டினை நானோகிராமில் அளக்கிறோம்னா இதை மைக்ரோகிராமில் அளக்கணும். ஆயிரம் மடங்கு அதிகம்.

1999ல் அதே ஒசாகா குழு ஒரு புதிரை வெளியிட்டது. கொழுப்புதான் இதைச் செய்யுது, ஆனா கொழுப்பு கூடினவர்களுக்கு இது குறையுது! வயிற்றுக்குள்ளே, குடலைச் சுத்திச் சேரும் கொழுப்பு கூடினா இன்னும் குறையுது. 2001ல் வேலை தெரிந்தது. அடிபோனெக்டின் கல்லீரலிடம் "சர்க்கரை தயாரிச்சது போதும்" என்கிறது. தசையிடம் "கொழுப்பை எரி" என்கிறது. ரெண்டுமே இன்சுலினுக்குக் கைகொடுக்கும் வேலை. இது குறைஞ்சா இன்சுலின் தனியாளா நின்னு பெல் அடிக்கணும். இதையும் மருந்தாக்கப் பார்த்தாங்க. பெரிய மூலக்கூறு, பல துண்டு சேர்ந்த அமைப்பு, ரத்தத்தில் தேவைப்படும் அளவும் பெரிசு. இன்றுவரை கடைக்கு வரலை.

ஆனா சுற்றுவழியில் ஒன்று நம்ம மருந்தகத்திலேயே இருக்கு. பயோகிளிட்டசோன். ஜப்பானில் பிறந்த மருந்துக் குடும்பம். எப்படி வேலை செய்யுதுன்னே தெரியாம சர்க்கரை குறையுதுன்னு தொடர்ந்தாங்க. 1995ல்தான் தெரிஞ்சது, புதுக் கொழுப்புச் செல்லை உருவாக்கும் ஸ்விட்சை இது போடுது! மாத்திரை சாப்பிட்டா எடை ஓரிரு கிலோ ஏறும், சர்க்கரை இறங்கும், அடிபோனெக்டின் கூடும். தோலுக்கடியில் புது அறைகள் கட்டி, தப்பான இடத்தில் கிடக்கும் கொழுப்பை அங்கே குடிவைக்குதுன்னு சொல்லலாம். கால் வீக்கம் வரும், இதயம் பலவீனமானவங்களுக்கு ஆகாது. 2013ல் இந்தியாவில் ஜூன் மாசம் நிறுத்திவச்சு, ஜூலையிலேயே திரும்ப அனுமதிச்ச கூத்தும் நடந்தது.

இப்ப லாரன்ஸ் பார்த்த அந்தப் பெண்ணிடம் திரும்புவோம்.

2000ல் கொழுப்பே இல்லாமல் உருவாக்கப்பட்ட சுண்டெலிகளுக்கு, சாதாரண எலியின் கொழுப்பை அறுவை செய்து வைத்துத் தைத்தார்கள். கொழுப்பை ஏற்றியதால் சர்க்கரை நோய் போய்விட்டது! அதே சோதனையை ஓபி எலியின் கொழுப்பை வைத்து, அதாவது லெப்டின் செய்யத் தெரியாத கொழுப்பை வைத்துச் செய்து பார்த்தார்கள். போகவில்லை. 2002ல் இந்த வகை நோயுள்ள 9 பெண்களுக்கு 4 மாதம் லெப்டின் ஊசி போட்டதில், மூன்று மாதச் சராசரியான ஹெச்பிஏ1சி 1.9 புள்ளி இறங்கியது. பல வருஷமா மலைபோல இன்சுலினுக்கு அசையாத சர்க்கரை அது. 2014ல் அமெரிக்கா இந்த நோய்க்கென லெப்டின் மருந்தை அனுமதித்தது. குண்டு உடம்புக்கு என்று ஆரம்பித்த மருந்து, கொழுப்பே இல்லாதவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது.

கொழுப்பு சாப்பாட்டைப் பத்திரமா வாங்கி வச்சுக்கணும், நல்ல சேதி அனுப்பணும். கொள்ளளவு முடிஞ்சு போனா, கொழுப்பு கல்லீரலிலும் தசையிலும் வழியும், சேதியும் கெட்டுப்போகும். வைக்க இடமே இல்லாதவங்களுக்கு முதல் கவளத்திலிருந்தே வழியும். ரெண்டு பேரும் வந்து சேர்ற இடம் ஒன்னு.

இந்த இடத்தில் கதை நம்ம வீட்டு வாசலுக்கு வருது.

புனேயின் டாக்டர் யாஜ்னிக்கும் லண்டனின் டாக்டர் யூட்கினும் 2004ல் 'லான்செட்'டில் தங்கள் இருவர் படத்தையே போட்டு ஒரு சின்னக் குறிப்பு எழுதினார்கள். இருவருக்கும் பிஎம்ஐ 22.3. அச்சு அசல் ஒரே எண். உடல் கொழுப்பு? யூட்கினுக்கு 9.1 சதவீதம். யாஜ்னிக்குக்கு 21.2. பிஎம்ஐ அட்டவணை ரெண்டு பேருக்கும் "நார்மல்"ன்னு கையெழுத்துப் போடும்.

யாஜ்னிக் குழு புனே சுற்றுக் கிராமங்களில் பிறந்த குழந்தைகளை இங்கிலாந்துக் குழந்தைகளோடு ஒப்பிட்டது. நம்ம குழந்தை சராசரி 2.7 கிலோ, அவங்களது 3.5 கிலோ. தசை, வயிற்று உறுப்பு எல்லாம் சின்னது. முதுகுத் தோலுக்கடியில் கொழுப்பு மட்டும் ஏறக்குறைய குறையாம இருந்தது. ஒல்லியாப் பிறக்கிற குண்டுக் குழந்தை. சென்னையிலும் இந்த ஹார்மோனை அளந்திருக்காங்க. டாக்டர் ஸ்நேகலதா, டாக்டர் ராமச்சந்திரன் குழு 2003ல் காட்டியது, அடிபோனெக்டின் குறைவா இருந்தவங்களுக்குப் பின்னாளில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு அதிகம் என்று. டாக்டர் மோகன் குழுவின் 'க்யூர்ஸ்' ஆய்வும் 2005ல் இதே திசையைக் காட்டியது.

அதனாலதான் நமக்கு இடுப்பளவின் வரம்பு தனி. ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80. பேன்ட் சைஸ் இல்லைங்க. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பு மேட்டுக்கும் நடுவில், மூச்சைச் சாதாரணமா விட்டபிறகு, டேப் வச்சு அளக்கணும். வயிறை எக்கக் கூடாது (எல்லாரும் எக்குவாங்க).

போன வாரம் ஓர் ஆட்டோ ஓட்டுநர் அண்ணன் வந்தார். 62 கிலோ. "சார், நான் குண்டே இல்லையே, எனக்கு எப்படி சுகர்?" டேப் வச்சேன், 97. கை கால் குச்சி, நடுவில் பானை. இந்தக் கதையை ரெண்டு நிமிஷத்தில் சுருக்கிச் சொன்னேன். கூர்மையான ஆள். உடனே கேட்டார்: "அப்ப அந்தக் கொழுப்பை ஆபரேஷன் பண்ணி உறிஞ்சி எடுத்துட்டா?"

அதையும் செய்து பார்த்திருக்காங்க. 2004ல் அமெரிக்காவில் 15 பெண்களுக்கு வயிற்றிலிருந்து சுமார் 10 கிலோ கொழுப்பை உறிஞ்சி எடுத்தாங்க. இன்சுலின் ரெசிஸ்டன்ஸ் இம்மியும் மாறலை. எடுத்தது தோலுக்கடிக் கொழுப்பு, உள்ளே இருந்தது அப்படியே இருந்தது. செல்களும் சுருங்கலை, எண்ணிக்கைதான் குறைஞ்சது. ஜப்பானின் சுமோ மல்யுத்த வீரர்கள் நேர்மாறு. மலை மாதிரி உடம்பு, ஆனா பயிற்சியில் இருக்கிற வரைக்கும் கொழுப்பு பெரும்பாலும் தோலுக்கடியில், சர்க்கரை நார்மல்.

"அப்ப நான் எவ்வளவு குறைக்கணும்?"

மூணு, நாலு கிலோ போதும்னேன். உடல் எடையில் 5 சதவீதம் குறைஞ்சாலே கல்லீரலும் தசையும் கொழுப்பும் இன்சுலினுக்கு மறுபடி செவிகொடுக்க ஆரம்பிக்குது, ஏன்னா எடை குறையறப்ப வயிற்றுக்குள்ளே இருக்கிற கொழுப்பு நல்ல பங்கு கரையும். நடக்கிற தசை, இன்சுலின் பெல் அடிக்காமலே சர்க்கரைக்குக் கதவைத் திறந்துவிடும், அதனால சாப்பிட்டபிறகு ஸ்டாண்டுலேயே நடங்கன்னேன். சோத்தைப் பாதியாக்கி அந்த இடத்தில் காய், முட்டை, சுண்டல். மாத்திரையும் எழுதினேன். கழுத்தையும் பார்த்தேன், இப்பல்லாம் முதல்ல அதைத்தான் பார்க்கிறேன். அந்த அம்மா அதுக்கப்புறம் அந்த ஓபிக்கு வந்ததா எனக்குத் தெரியலை.

எழுந்து போகும்போது அண்ணன் மேசையிலிருந்த டேப்பை எடுத்து நீட்டி, சிரிச்சுக்கிட்டே கேட்டார்: "நீங்க எவ்வளவு சார்?"

93. எக்காம அளந்ததுதான்.